அப்பாவின் போனில் இடமில்லை. குரோம் ஒன்றை வைத்தே ஓட்ட முடியுமா?

கோரையாற்றான் (வெள்ளி, இரவு 9.40)

வணக்கம். நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம் என் ஊர். வேலை கோயம்புத்தூரில். விடுப்பில் வந்திருக்கிறேன், ஞாயிறு இரவு கிளம்பிவிடுவேன். அதற்குள் அப்பாவின் போனை ஒரு வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

3 ஜிபி ரேம், 32 ஜிபி இடம். பாதி இடத்தைப் போனின் சொந்தச் சாமான்களே பிடித்துக்கொண்டன. மீதியை வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கங்கள் பிடித்துக்கொண்டன. மழைக்கு ஒரு செயலி, ரயிலுக்கு ஒன்று, கரண்ட் பில்லுக்கு ஒன்று, விலைக்கு ஒன்று என்று ஏற்றிக்கொண்டே போய், இடமில்லை என்று போன் கையை விரித்துவிட்டது. நேற்று எல்லாவற்றையும் தூக்கிவிட்டேன். மிச்சம் குரோம்தான். சரி, அதை வைத்தே ஓட்டலாம் என்று பார்க்கிறேன்.

அப்பா சொல்லும் குறைகள் இவை. சம்பாவுக்குக் காப்பீடு செய்யப் படிவம் நிரப்பினால், ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்புவதற்குள் படிவம் காலி. மூன்று தடவை நிரப்பிவிட்டு, போனைத் திண்ணையில் வீசிவிட்டு மன்னார்குடிக்குப் பஸ் ஏறிவிட்டாராம். அட்டவணை உள்ள பக்கங்களில் வலது பக்கக் கட்டங்கள் தெரிவதில்லை. எழுத்து எறும்பு ஊர்வது போல இருக்கிறது. போதாக்குறைக்கு, 'உங்கள் போனில் 13 வைரஸ்' என்று மணிக்கு ஒரு தடவை சிவப்பாக ஏதோ வந்து நிற்கிறது. மனிதர் பயந்துபோய் இரவில் போனை அணைத்து வைக்கிறார்.

புதுப் போன் வாங்கிக் கொடு என்று மட்டும் சொல்லாதீர்கள். வாங்கித் தந்தால் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு இதையே வைத்துக்கொள்வார்.

குடந்தை டிகிரி (வெள்ளி, இரவு 9.58)

முதலில் அந்த 13 வைரஸை முடிப்போம், ஐந்து நிமிட வேலை. அது வைரஸே இல்லை, தம்பி. ஏதோ ஒரு தளத்தில் பாட்டு இறக்கவோ படம் பார்க்கவோ போனபோது 'அலோ', 'பிளாக்' என்று ஒரு பெட்டி வந்திருக்கும். அலோவை அமுக்கியிருப்பார். 'நான் ரோபோ இல்லை என்று காட்ட அலோவை அமுக்கவும்' என்று எழுதி ஏமாற்றுகிற தளங்களும் உண்டு. அமுக்கியது முதல் அந்தத் தளம் தன் இஷ்டத்துக்கு அறிவிப்பு அனுப்பிக்கொண்டிருக்கிறது. குரோமின் சின்னத்தோடு வருவதால் போனே எச்சரிப்பது போலத் தெரியும்.

குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ். அங்கே அனுமதித்த தளங்களின் பட்டியலில் வாயில் நுழையாத பெயர்கள் நாலைந்து இருக்கும். ஒவ்வொன்றையும் பிளாக் செய். பிறகு மேலே உள்ள பொத்தானையே அணைத்துவிடு. இனி எந்தத் தளமும் அனுமதி கேட்டு வாசலில் நிற்காது. அப்பாவுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. எனக்கே இத்தனை வருடத்தில் ஒரு தளத்தின் அறிவிப்பும் உருப்படியாக உதவியதில்லை.

கோரையாற்றான் (வெள்ளி, இரவு 10.11)

நாலைந்து இல்லை அண்ணே, பதினொன்று இருந்தது. எல்லாம் காலி. '13ம் செத்துவிட்டதா?' என்று அப்பா கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மன்னை நெட்சென்டர் (வெள்ளி, இரவு 10.45)

மன்னார்குடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். உங்கள் அப்பா பஸ் ஏறியது என் கடைக்காகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் இங்கே சொல்லிக்கொடுத்தால் பிழைப்பு என்னாவது என்று வீட்டில் கேட்பார்கள். பரவாயில்லை.

படிவம் காலியாவது தளத்தின் குற்றம் இல்லை. ரேம் குறைந்த போனில் ஒரு செயலியை விட்டு இன்னொன்றுக்குப் போனால், விட்டுப்போன பக்கத்தை ஆண்ட்ராய்டு நினைவிலிருந்து இறக்கிவிடும். சின்னக் களத்தில் ஒருவர் நெல்லைக் கொட்டினால் இன்னொருவர் வாரிக்கொண்டு போக வேண்டியிருக்கிறதே, அந்த மாதிரிதான். திரும்பி வரும்போது குரோம் அதே பக்கத்தைப் புதிதாக இறக்கும். நிரப்பியதெல்லாம் போன இடம் தெரியாது.

ஆகவே ஓடிபிக்காக மெசேஜுக்குள் போகவே கூடாது. திரையை மேலிருந்து கீழே இழுத்தால் எண் அங்கேயே தெரியும். பார்த்துக்கொண்டு மேலே தள்ளிவிட்டு அடித்தால் போதும். பல போன்களில் கீபோர்டின் மேல் வரிசையிலேயே அந்த எண் வந்து நிற்கும், தொட்டால் ஏறிவிடும். சர்வே எண், உட்பிரிவு, கணக்கு எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். போனுக்குள் தேடப் போனால் மறுபடி அதே கதை.

படங்களையும் படிவத்தைத் திறக்கும் முன்பே தயார் செய்துவிட வேண்டும். இத்தனை கேபிக்குள் என்று கேட்பார்கள், போன் கேமராவோ 4 எம்பிக்கு எடுத்துவைத்திருக்கும். 'படத்தைச் சுருக்கித் தருகிறோம்' என்று வருகிற ஏதோ ஒரு தளத்தில் ஆதாரையும் பாஸ்புக்கையும் ஏற்றிவிடாதீர்கள். படத்தை கேலரியில் திறந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஓரத்தை வெட்டினாலே அளவு நன்றாக இறங்கிவிடும். எழுத்து படிக்க வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆதார் பற்றி இன்னொன்று. முதல் 8 இலக்கத்தை மறைத்த பிரதி ஆதார் தளத்திலேயே கிடைக்கிறது, கண்ட இடத்தில் கொடுக்க அதுதான் நல்லது. இறக்கிய பிடிஎஃப் கடவுச்சொல் கேட்கும். ஆங்கிலத்தில் பெயரின் முதல் 4 எழுத்து, எல்லாம் பெரிய எழுத்து, அதோடு பிறந்த வருடம். இதை மட்டும் கேட்கவே என் கடைக்கு ஆள் வருகிறார்கள்.

கடைசியாக, டேப், அதாவது மூடாமல் திறந்தபடியே விட்ட பக்கங்கள். குரோமின் ஓரத்தில் டேப் எண்ணிக்கை காட்டும் சின்னக் கட்டத்தைப் பாருங்கள். அதில் எண்ணுக்குப் பதில் சிரித்த முகம் இருந்தால் 99க்கு மேல் போய்விட்டது என்று பொருள். என்னிடம் வருகிறவர்களில் பல பேருடைய போன் சிரித்துக்கொண்டுதான் வருகிறது.

கோரையாற்றான் (வெள்ளி, இரவு 10.52)

சிரிக்கிறது.

கோரையாற்றான் (சனி, காலை 7.20)

ராத்திரியே எல்லா டேப்பையும் மூடிவிட்டேன். காலையில் வீட்டில் ரகளை. அப்பா முக்கியமான பக்கங்களை டேப்பாகவே வைத்துக் காப்பாற்றி வந்திருக்கிறார். நெல்லைத் தாக்கும் ஆனைக்கொம்பன் ஈ பற்றி வேளாண்மைப் பல்கலைக்கழகத் தளத்தில் ஒரு பக்கம், கோயில் பற்றி ஏதோ, பேத்தியின் பள்ளித் தளம். 'ஒரு வருடச் சேமிப்பு' என்கிறார். மீட்க வழி உண்டா?

மன்னை நெட்சென்டர் (சனி, காலை 7.41)

மூடியதும் அடியில் 'அன்டூ' என்று ஒரு பட்டை சில நொடி வந்திருக்கும், அது போய்விட்டது. கவலை வேண்டாம். மூன்று புள்ளியில் ஹிஸ்டரி. பூதக்கண்ணாடியைத் தொட்டு, பக்கத்தின் தலைப்பில் இருந்திருக்கக்கூடிய ஒரு சொல்லைப் போட்டுத் தேடுங்கள். 90 நாள் வரை போனது அதில் நிற்கும். அதற்கு முந்தியதைக் கூகுளில்தான் மறுபடி தேட வேண்டும். கிடைத்ததும் மூன்று புள்ளியில் உள்ள நட்சத்திரத்தைத் தொட்டுவிடுங்கள், புக்மார்க் ஆகிவிடும். அதற்கப்புறம் டேப்பை யார் மூடினாலும் கவலையில்லை.

ஒரத்தநாடு டீச்சர் (சனி, காலை 8.30)

ஆனைக்கொம்பன் என்றதும் எட்டிப் பார்த்தேன். நான் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். வீட்டில் வயலும் உண்டு, அதனால் இரண்டு பக்க வழக்கும் எனக்குத் தெரியும்.

நீளமான பக்கத்தில் வேண்டியதைக் கண்டுபிடிக்க மூன்று புள்ளியில் 'ஃபைண்ட் இன் பேஜ்' இருக்கிறது. பலர் தமிழில் போட்டுப் பார்த்துவிட்டு, வரவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். காரணம் நம் மொழியின் இயல்பு. 'ஆனைக்கொம்பன்' என்று முழுதாக அடித்தால், 'ஆனைக்கொம்பனை', 'ஆனைக்கொம்பனால்' என்று எழுதிய இடமெல்லாம் நழுவிவிடும். கடைசியில் புள்ளி வைத்த எழுத்து வேற்றுமை ஏறியதும் உருமாறிவிடுகிறது அல்லவா? எனவே அதை விட்டுவிட்டு 'ஆனைக்கொம்ப' வரை அடியுங்கள், எல்லாம் வந்து விழும். 'நாற்றங்கால்' வேண்டுமா, 'நாற்றங்கா' போதும். 'உரம்' தேடினால் 'உரத்தை' அகப்படாது, 'உர' என்று போட வேண்டும். 'உரல்' கூடச் சேர்ந்து வரும், சகித்துக்கொள்ளலாம். எட்டாம் வகுப்பில் சாரியை நடத்தும்போது பிள்ளைகளுக்கு இதைத்தான் உதாரணம் காட்டுகிறேன். 'உரத்தை'க்குள் வரும் 'அத்து' எதற்கு என்று அதற்கப்புறம் யாரும் கேட்டதில்லை.

எழுத்து சின்னதாக இருப்பதற்கு: செட்டிங்ஸில் அக்செசிபிலிட்டி. எழுத்தளவைக் கூட்டும் கோடு ஒன்று இருக்கும், அப்பாவையே பக்கத்தில் வைத்துக்கொண்டு நகர்த்துங்கள். நாமாக வைத்துக் கொடுத்தால் சரிவராது. அதன் கீழே, விரலால் விரிக்க விடாத தளங்களையும் விரிக்க வைக்கும் ஒரு பெட்டி உண்டு. 'ஃபோர்ஸ் எனேபிள் ஸூம்' என்பார்கள், அதையும் டிக் செய்துவிடுங்கள். ஒரு கையில் மண்வெட்டி இருந்தால் பெருவிரலாலேயே பெரிதாக்கலாம். இரண்டு தட்டுத் தட்டி, இரண்டாவது தட்டில் விரலை எடுக்காமல் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள்.

ஆங்கிலப் பக்கத்தை மூன்று புள்ளியிலேயே தமிழாக்கலாம். கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011இலேயே வந்துவிட்டது. அன்றைய கூத்துக்கு இன்று எவ்வளவோ மேல். ஆனால் மருந்து அளவைத் தமிழாக்கத்தில் மட்டும் படித்துவிட்டுத் தெளிக்காதீர்கள். லிட்டருக்கு எவ்வளவு, ஏக்கருக்கு எவ்வளவு, ஹெக்டேருக்கு எவ்வளவு என்பதை மூலத்தைத் திறந்து ஒரு தடவை ஒப்பிட்டுவிட வேண்டும். ஒரு ஹெக்டேர் இரண்டரை ஏக்கர் சுமார். அங்கே சறுக்கினால் பயிர் கருகிவிடும்.

பாமணி பையன் (சனி, காலை 9.05)

இவ்வளவு சுற்றுவழி எதற்கு? என்னிடம் யூசி பிரவுசர் ஏபிகே (நேரடியாக ஏற்றும் செயலிக் கோப்பு) இருக்கிறது, அனுப்பவா? அந்தக் காலத்தில் அது பறக்கும். கூடவே ஒரு கிளீனர் செயலி போட்டால் ரேமைத் தானே துடைத்துக் கொடுக்கும்.

குடந்தை டிகிரி (சனி, காலை 9.17)

வேண்டாம் ராசா. 2020 ஜூனில் மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்ததே, அதில் யூசியும் ஒன்று. பிளே ஸ்டோரில் இல்லாததை யாரோ எங்கோ வைத்திருக்கும் ஏபிகேயிலிருந்து ஏற்றினால், உள்ளே இன்னும் என்ன சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? கிளீனரும் அப்படித்தான். துடைக்கிறேன் என்று வந்து தானே ஒரு மூலையில் பாயை விரித்துவிடும். இடம் வேண்டுமென்றால் வாட்ஸ்அப் வீடியோக்களை அழித்தாலே போதும்.

மாயூரத்தான் (சனி, காலை 9.50)

அந்தக் காலம் என்றதும் எனக்கு ஓப்பரா மினி ஞாபகம் வந்துவிட்டது. பட்டன் போனில் தமிழ்ப் பக்கம் திறந்தால் வெறும் கட்டம் கட்டமாக வரும். முகவரி இடத்தில் 'ஓப்பரா', முக்காற்புள்ளி, 'கான்ஃபிக்' என்று அடித்து, அடியில் போய், சிக்கலான எழுத்துகளுக்கு பிட்மேப் எழுத்துரு வேண்டுமா என்ற கேள்விக்கு 'எஸ்' வைத்தால் தமிழ் மளமளவென்று வரும். தமிழ் எழுத்துகளைத் தங்கள் சர்வரிலேயே படமாக்கி அனுப்பிவைத்தார்கள். எழுத்து படமாக வருவதால் டேட்டா கொஞ்சம் கூடுதலாகப் போகும், ஆனால் மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு தமிழ்ச் செய்தி படித்த சந்தோஷம் இருக்கிறதே! ஊரில் எத்தனை போனில் அந்த ஒரு வரியை மாற்றிக்கொடுத்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

ஓப்பரா மினி இன்றும் இருக்கிறது. சிக்னல் மெலிந்த இடத்தில் செய்தி படிக்க நல்லது. ஆனால் டேட்டாவை அதிகம் மிச்சம் பிடிக்கும் முறையில் பக்கம் அவர்கள் சர்வர் வழியாகச் சுருங்கித்தான் வரும். வங்கி, ஓடிபி வேலைகளை அதில் செய்யாதீர்கள். படிவங்களும் அதில் நொண்டும். குரோமிலும் அப்படி 'லைட் மோட்' என்று ஒன்று இருந்தது, 2022இல் எடுத்துவிட்டார்கள். பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

வேதை உப்பு (சனி, பகல் 11.30)

வேதாரண்யத்திலிருந்து. நான் சொல்வது ஒரே ஒரு விஷயம். பக்கத்தைப் போனுக்குள் இறக்கி வைத்துக்கொள்வது.

2018 நவம்பர் 16, கஜா புயல். விடிந்தபோது கம்பம் எல்லாம் படுத்துவிட்டது, டவரும் போயிற்று. எங்கள் தெருவில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. போன் வெறும் டார்ச் லைட்டாகிவிட்டது. மச்சான் வீட்டு எண் மனப்பாடம், மற்றதெல்லாம் 'நெட்டில் இருக்கிறது' என்று விட்டிருந்தோம். நெட்டே இல்லை. பக்கத்து ஊரில் ஜெனரேட்டர் வைத்து ஒருவர் சார்ஜ் போட்டுக் கொடுத்தார். சார்ஜ் ஏறிய ஒரே போனையும் பிள்ளைகள் பிடுங்கி, நெட் இல்லாதபோது குரோமில் வருமே டைனோசர், அதை ஓட்டியே தீர்த்தார்கள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஐப்பசிக்கும் முன்னால் உட்கார்ந்து இதைச் செய்கிறேன். மூன்று புள்ளியைத் தொட்டால் மேல் வரிசையில் கீழ்நோக்கிய அம்புக்குறி இருக்கும். தொட்டால் அந்தப் பக்கம் படங்களோடு போனுக்குள் இறங்கிவிடும். பிறகு டவுன்லோட்ஸில் போய்த் திறக்கலாம், சிக்னலே வேண்டாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, துணை மின் நிலைய எண்கள் உள்ள பக்கம், பயிர் மூழ்கினால் என்ன செய்வது என்ற பக்கம், ரயில் நேரம், இவ்வளவுதான் நான் வைப்பது. மாவட்ட எண் 1077, மாநில எண் 1070, இந்த இரண்டையும் தாளில் எழுதிச் சுவரிலும் ஒட்டிவிட்டேன். போனை நம்பியா என்றால், இனி இல்லை.

லாகின் செய்து பார்க்கும் பக்கமும் வீடியோவும் இப்படி நிற்காது. பட்டா, ரசீது மாதிரியானவற்றுக்கு ஷேர், பிரிண்ட், 'சேவ் ஆஸ் பிடிஎஃப்'. அது எந்தப் போனிலும் திறக்கும்.

கோரையாற்றான் (சனி, பகல் 12.15)

அப்பா உங்கள் பதிவை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். கஜாவில் சாய எங்கள் பக்கம் தென்னை அவ்வளவு இல்லை, ஆனால் அம்மா ஊர் தென்னந்தோப்புகள் நிறைந்த பேராவூரணி. கஜா என்ற பெயரை இன்றும் அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை.

டீச்சர், எழுத்து வைத்தாயிற்று. 'இப்பதான் மனுஷன் படிக்கிற மாதிரி இருக்கு' என்கிறார். ஆனைக்கொம்பனும் கிடைத்துவிட்டான். அட்டவணை மட்டும் பாக்கி.

மன்னை நெட்சென்டர் (சனி, பகல் 1.00)

அட்டவணைக்கு முதலில் போனைப் படுக்க வைத்துப் பாருங்கள். பாதி நேரம் அதுவே போதும். போதவில்லை என்றால் மூன்று புள்ளியில் 'டெஸ்க்டாப் சைட்'. கம்ப்யூட்டரில் வருகிற மாதிரி முழு அகலத்துக்கு வரும், எழுத்து சிறுக்கும், விரித்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் டிக்கை எடுத்துவிட வேண்டும்.

இன்னொன்று, ரொம்பப் பேர் மாட்டுவது. எல்லாம் நிரப்பி, பணமும் கட்டி, 'பிரிண்ட்' அமுக்கினால் ஒன்றும் வராது. போன வாரம் ஒருவர் ஒரே விண்ணப்பத்துக்கு இரண்டு தடவை பணம் கட்டிவிட்டு வந்து நின்றார். ரசீது தனி ஜன்னலில் திறக்கும்படி தளத்தை எழுதியிருப்பார்கள், குரோம் அதை விளம்பரம் என்று நினைத்து நிறுத்திவிடும். அடியிலோ மேலேயோ 'பாப்-அப் பிளாக்டு' என்று சின்னதாக ஒரு வரி வரும், அதில் 'ஆல்வேஸ் ஷோ' அமுக்கினால் அந்தத் தளத்துக்கு மட்டும் திறந்துவிடும். எல்லாத் தளத்துக்கும் சேர்த்துத் திறந்துவிடாதீர்கள், அப்புறம் 13 வைரஸ் 26 ஆகும்.

சோழவள நாடன் (சனி, மாலை 4.40)

எல்லோரும் குரோம் குரோம் என்கிறீர்கள். ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சிகள் (பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன்கள்) போட முடியாது. ஃபயர்பாக்ஸில் முடியும், 2023 டிசம்பரிலிருந்து நூற்றுக்கணக்கில் திறந்துவிட்டார்கள். யுபிளாக் ஆரிஜின் ஒன்றைப் போட்டால் விளம்பரம் அத்தனையும் மறையும், பக்கம் பாதி நேரத்தில் திறக்கும், டேட்டாவும் மிச்சம். கட்டுரையை மட்டும் உருவி எடுத்துக் காட்டும் வாசிப்பு முறையும் முகவரிப் பட்டையிலேயே இருக்கிறது. பட்டையைக் கீழே வைத்துக்கொள்ளலாம், பெருவிரலுக்கு எட்டும். இவ்வளவு இருக்கும்போது எதற்கு மல்லுக்கட்ட வேண்டும்?

அச்சுமை (சனி, மாலை 5.10)

விளம்பரத்தை மறைப்பது பற்றி ஒரு சொல். நான் ஒரு சின்னச் செய்தித்தளத்தில் எழுதுகிறேன். கொள்முதல் நிலையத்தில் மூட்டை நனைந்தது, ஆற்றில் கதவணை பழுது, இதையெல்லாம் பெரிய பத்திரிகை ஒரு பத்தியில் முடித்துவிடும், நாங்கள் போய் நின்று எழுதுகிறோம். எங்கள் சம்பளம் அந்த விளம்பரத்தில்தான். ஒரேயடியாக மறைத்துவிட்டு 'உள்ளூர்ச் செய்தியே வருவதில்லை' என்றால் எப்படி?

சோழவள நாடன் (சனி, மாலை 5.22)

திரை முழுக்க மூடி, எக்ஸ் குறியைத் தேட வைத்து, தேடிய விரலை வேறெங்கோ இழுத்துப் போகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அச்சுமை (சனி, மாலை 5.40)

அது எங்களுக்கும் பிடிக்கவில்லை. வைக்கிறவர் வேறு, திட்டு வாங்குகிறவர் வேறு. யுபிளாக்கில் ஒரு தளத்துக்கு மட்டும் அணைத்து வைக்கும் பொத்தான் உண்டு. நீங்கள் தினம் படிக்கிற தளத்துக்காவது அதை அணையுங்கள், வேறொன்றும் கேட்கவில்லை.

மன்னை நெட்சென்டர் (சனி, மாலை 6.05)

இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஆனால் இந்தப் போனில் இடம் இல்லை என்றுதான் தம்பி வந்திருக்கிறார். இன்னொரு பிரவுசரை ஏற்றி, அதற்கு நீட்சியும் போட்டு, 3 ஜிபி ரேமில் இரண்டையும் ஓட்ட வேண்டாம். உங்கள் போனில் தாராளமாகப் போடுங்கள் தம்பி, அப்பாவுடையதில் வேண்டாம்.

மஸ்கட் திருவாரூர் (சனி, இரவு 8.20, இங்கே மாலை 6.50)

ஓமானில் இருந்துகொண்டு ஊர் வயலைப் பார்ப்பவன் நான். என் பிரவுசரின் முதல் வேலை மழை. செயலி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. இந்திய வானிலைத் துறையின் தளத்தில் காரைக்கால் ரேடார் படம் தனியாக இருக்கிறது. நம் பக்கத்துக்கு அதைவிட உதவும் படம் இல்லை. 'டெல்டா மாவட்டங்களில் ஓரிரு இடங்களில்' என்று படிப்பதைவிட, மேகம் நாகப்பட்டினத்தைத் தாண்டி உள்ளே வருகிறதா, கடலோடு போகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு, அறுவடை இயந்திரத்தை வரச்சொல்லலாமா என்று தம்பிக்குப் போன் செய்வேன். படத்தில் அச்சாகியிருக்கும் நேரத்தைக் கட்டாயம் பாருங்கள். யுடிசி (உலகப் பொது நேரம்) என்று போட்டிருந்தால் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு தடவை கூட்டாமல் பார்த்து, பழைய படம் என்று நினைத்து ஏமாந்திருக்கிறேன். பக்கத்தை விரலால் கீழே இழுத்துவிட்டால் புதிதாக ஏறும்.

அடுத்தது மேட்டூர் அணை. நிறைந்தால் 120 அடி, 93.47 டிஎம்சி. ஜூன் 12க்குத் திறப்பார்களா மாட்டார்களா என்று சித்திரையிலேயே நம் ஆட்கள் டீக்கடையில் ஆரம்பித்துவிடுவார்கள். அந்த நீர்மட்டப் பக்கத்தை நான் தினம் காலையில் பார்க்கிறேன்.

இனிமேல்தான் விஷயம். இந்தப் பக்கங்களைத் திறந்து, மூன்று புள்ளியில் 'ஆட் டு ஹோம் ஸ்கிரீன்'. பெயர் கேட்கும் இடத்தில் தளம் கொடுக்கிற நீளப் பெயரை அழித்துவிட்டு, அப்பா வாயில் வருகிற சொல்லைத் தமிழில் போடுங்கள். 'மழை'. 'மேட்டூர்'. 'பட்டா'. 'ரயில்'. செயலி மாதிரியே முகப்பில் உட்கார்ந்துகொள்ளும், இடம் ஏறக்குறைய ஒன்றும் பிடிக்காது. என் அப்பாவுக்கு இப்படி ஆறு பெட்டி வைத்துக் கொடுத்தேன். தேடல், முகவரி எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

குடந்தை டிகிரி (சனி, இரவு 9.00)

மஸ்கட் அண்ணன் சொன்னதில் பாதுகாப்பும் இருக்கிறது. தேடிப் போகும்போதுதான் ஆள் மாட்டுவது. தேடலில் முதலில் நிற்பது பல தடவை விளம்பரம், 'ஸ்பான்சர்டு' என்று சின்னதாகப் போட்டிருக்கும். அரசுத் தளம் மாதிரியே நிறம், சின்னம் எல்லாம் வைத்துப் பணம் பிடுங்குகிற போலிகள் உண்டு. மத்திய, மாநில அரசுத் தளம் என்றால் முகவரி 'டாட் கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். நடுவில் எங்கோ 'கவ்' இருந்தால் போதாது, முடிவில் இருக்க வேண்டும். சரியான பக்கத்தை ஒரு தடவை முகப்பில் வைத்துவிட்டால் தேட வேண்டிய அவசியமே இல்லை.

அப்புறம், கிசான் பணம் வருகிறது என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே எதையும் தொட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பு. பணம் போனால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்கு நிறுத்த வாய்ப்பு.

ஒரத்தநாடு டீச்சர் (சனி, இரவு 9.35)

தட்டச்சு வராதவர்களுக்கு மைக் இருக்கிறதே. 2017இலேயே கூகுள் குரல் தட்டச்சில் தமிழ் வந்துவிட்டது. கீபோர்டில் தமிழைச் சேர்த்து மைக்கைத் தொட்டுப் பேசினால் போதும். ஒரு வேடிக்கை, எங்கள் மாமனார் மைக்கிடம் 'மேட்டூர்ல தண்ணி எவ்ளோ இருக்குங்க' என்று மரியாதையாகத்தான் கேட்பார். அதற்கும் விடை வருகிறது.

கோரையாற்றான் (ஞாயிறு, இரவு 10.40)

செம்மொழி ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன், தஞ்சாவூர் தாண்டிவிட்டது. முகப்பில் ஐந்து பெட்டி வைத்துக் கொடுத்தேன். மழை, மேட்டூர், பட்டா, ரயில், பேத்தி பள்ளி. பணம் அனுப்ப மட்டும் ஒரு செயலி திரும்ப ஏற்ற வேண்டியதாயிற்று, யுபிஐ பிரவுசரில் நடக்காது. விவசாயிகளுக்கான அரசின் உழவன் செயலியும் இருக்கட்டும் என்றார், வைத்தேன். மற்றபடி 9 ஜிபி காலியாக இருக்கிறது.

காப்பீட்டுப் படிவத்தை இன்று மதியம் அவரே நிரப்பினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்கவில்லை. ஓடிபி வந்ததும் திரையை மேலிருந்து இழுத்து, எண்ணை உரக்க ஒரு தடவை வாசித்து, திரும்ப மேலே தள்ளிவிட்டு அடித்தார். படிவம் அப்படியே நின்றது. ரசீது வரவில்லை, நெட்சென்டர் அண்ணன் சொன்ன அந்தச் சின்ன வரி அடியில் வந்திருந்தது, அமுக்கினோம், வந்தது.

இப்போதுதான் போன் செய்தார். ஏதோ பிரச்சினை என்று பயந்துவிட்டேன். 'அந்த மூலையில ஒரு மூஞ்சி சிரிச்சுக்கிட்டே இருக்கும்ல, அது எங்கடா? வெறும் 4ன்னு காட்டுது' என்கிறார்.

மன்னை நெட்சென்டர் (ஞாயிறு, இரவு 10.58)

மறுபடி 100 டேப் திறந்தால் வரும் என்று சொல்லுங்கள். வேண்டாம், சொல்லாதீர்கள்.